பக்கத்து வீட்டு கேமரா, பூட்டப் போற தெரு, பேச்சு நின்னு போன உறவு: அழகாபுரம் வாசகிக்கு பதில்

கேள்வி: மேடம், சேலம் அழகாபுரத்துல சொந்த வீட்ல இருக்கோம். போன மாசம் அடுத்த தெருவுல கல்யாணத்துக்குப் போயிருந்தவங்க வீட்டுப் பூட்டை உடைச்சு நகையை எடுத்துட்டாங்க, அதுலர்ந்து எங்க தெருவே பயந்து கிடக்கு. பக்கத்து வீட்டு அண்ணன், ரிட்டயர்டு ஆனவர், நாலு கேமரா மாட்டினாரு. அதுல ஒண்ணு எங்க வீட்டு பக்கவாட்டு சந்தை நேரா பாக்குது, அங்கதான் துவைக்கிற கல்லும் வெளி பாத்ரூமும் இருக்கு. கொஞ்சம் திருப்புங்கண்ணான்னு கேட்டதுக்கு "எல்லாம் தெரு நல்லதுக்குத்தான்"னு சொன்னவர் இப்ப பேசுறதே இல்ல. தெரு வாட்ஸ்அப் குரூப்புக்கும் அவர்தான் அட்மின். கடைசி வீட்டு மாடியில புதுசா குடி வந்த ரெண்டு வடநாட்டுப் பசங்க போட்டோவை "உஷார்"னு போட்டுட்டாரு, அப்புறம்தான் அவங்க வாடகைக்கு வந்தவங்கன்னு தெரிஞ்சுது. இப்ப ராத்திரி பத்து மணிக்கு மேல தெருவோட ரெண்டு பக்கமும் கேட் போட்டு பூட்டணும்னு வீட்டுக்கு அஞ்சாயிரம் கேக்குறாங்க. என் வீட்டுக்காரர் "ஊரோட ஒத்துப் போ"ங்கறாரு. பகல்ல மாமியார் மட்டும் வீட்ல தனியா இருக்காங்க. பாதுகாப்பும் வேணும், சண்டையும் வேண்டாம், என்ன பண்றது? (பேர் போட வேண்டாம்)

பதில் (எழுதுறவர் சேலத்துல வக்கீல், சமரசப் பேச்சு நடத்துறவர்):

கேமராவைத் திருப்பச் சொல்லி நீங்க கேட்டதுல ஒரு தப்பும் இல்லம்மா. நாமதான் அவசரப்பட்டு உறவைக் கெடுத்துட்டோமோன்னு மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. ஒருத்தர் தன்னோட கேட், போர்ட்டிகோ, வண்டி நிக்கிற இடம், வாசல் தெரு எல்லாத்தையும் கேமராவுல பாத்துக்கலாம், யாரும் கேக்க முடியாது. ஆனா அடுத்த வீட்டுப் பொம்பளைங்க துணி துவைக்கிற இடத்தையும் பாத்ரூம் கதவையும் பாக்கறதுக்கு அவருக்கு எந்த உரிமையும் கிடையாது, அது திருடனைப் பிடிக்கத்தான்னு சொன்னாலும் கிடையாது. தனியுரிமை அடிப்படை உரிமைன்னு 2017ல சுப்ரீம் கோர்ட்ல ஒன்பது நீதிபதிகள் உக்காந்து தீர்ப்பு சொல்லியிருக்காங்க. 2024 ஜூலை 1லர்ந்து நடைமுறையில இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவுல 77வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, யாரும் பாக்க மாட்டாங்கன்னு நம்பி ஒரு பெண் அந்தரங்கமா இருக்கிற நேரத்துல அவங்களைப் பாக்கறது, படம் பிடிக்கிறது குற்றம், முதல் தடவைக்கே ஒரு வருஷத்துலர்ந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்.

இதைச் சொல்றது உங்க தைரியத்துக்குத்தான். தயவுசெஞ்சு இந்த செக்ஷனை வாயில வச்சுக்கிட்டு அவர் வாசல்ல போய் நிக்காதீங்க. உங்க லெட்டரைப் படிச்ச வரைக்கும் அவர் கெட்ட எண்ணத்துல செஞ்ச மாதிரி எனக்குத் தோணல. கேமரா மாட்ட வர்ற பையன் ஏணி எங்க சாய்க்க முடியுதோ, ஒயர் எது வரைக்கும் எட்டுதோ அங்க மாட்டிட்டு, மொபைல்ல ஆப் போட்டுக் குடுத்துட்டுப் போயிடுவான், எது எது தெரியுதுன்னு வீட்டுக்காரரும் நிதானமா பாத்திருக்க மாட்டாரு. நீங்க கேட்டதும் அவர் காதுல "நீ என்னைப் பாக்கற"ன்னுதான் விழுந்திருக்கும், மரியாதையா வாழ்ந்த மனுஷனுக்கு அது சுருக்குனு தைக்கும், அதான் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

அதனால இன்னொரு தடவ போங்க, ஆனா இந்தத் தடவ தனியா போகாதீங்க, உங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு, சாயங்காலம் அவர் சம்சாரமும் வீட்ல இருக்கிற நேரமா பாத்து போங்க. குரூப்ல ஒரு எழுத்து கூட இதைப் பத்தி போடக் கூடாது, நாலு பேர் பாக்க ஒருத்தரைக் கேள்வி கேட்டா அவர் இறங்கி வர்றதுக்கு வழியே இருக்காது. போனதும் புகார்ல ஆரம்பிக்காதீங்க. "அண்ணா, நீங்க கேமரா போட்டதுலர்ந்து நாங்க வெளிய போனாலும் கொஞ்சம் நிம்மதியா இருக்கோம், வாசல் பக்கம் அப்படியே இருக்கட்டும், அந்த சந்துப் பக்கத்தது மட்டும் உங்க மொபைல்ல ஒரு தடவ எங்களுக்குக் காட்டுங்களேன்"னு கேளுங்க. அவர் சம்சாரமும் சேர்ந்து அந்தப் படத்தைப் பாக்கட்டும். துவைக்கிற கல்லும் பாத்ரூம் கதவும் அதுல தெரியறதை அந்த அக்கா ஒரு தடவ பாத்தாங்கன்னா பாதி வேலையை அவங்களே முடிச்சுக் குடுத்துடுவாங்க.

என்ன வேணும்னும் தெளிவா சொல்லுங்க. "எடுத்துடுங்க"ன்னு சொன்னா அவருக்கு அது தோல்வி. கொஞ்சம் கீழ சாய்ச்சு அவர் காம்பவுண்ட் சுவர் வரைக்கும் மட்டும் தெரியற மாதிரி வைக்கலாம். சாய்க்க முடியாத இடம்னா பல கேமராவுல பிரைவசி மாஸ்க்னு ஒரு செட்டிங் இருக்கும், படத்துல உங்க வீட்டுப் பகுதியை மட்டும் கருப்புக் கட்டம் போட்டு மறைச்சுடலாம், மாட்டின பையனைக் கூப்பிட்டா கொஞ்ச நேரத்து வேலை. அப்படியே அவருக்கு உபயோகமான விஷயம் ஒண்ணு ரெண்டையும் சொல்லிட்டு வாங்க. ரொம்ப உசரத்துல மாட்டின கேமராவுல மனுஷனோட தலையும் ஹெல்மெட்டும்தான் விழும், முகம் விழாது, கேட்டுக்கிட்ட பத்தடிக்குள்ள ஒண்ணு இருந்தாத்தான் போலீசுக்கு அது உதவும். படத்தைப் பதிஞ்சு வைக்கிற டிவிஆர் பெட்டியில தேதியும் நேரமும் சரியா இருக்கணும், கம்பெனிக்காரன் குடுத்த பாஸ்வேர்டை மாத்தணும், இடம் நிறைஞ்சா பழைய ரெக்கார்டிங் மேலயே புதுசு பதிஞ்சுடும், அதனால ஏதாவது நடந்தா அன்னைக்கே எடுத்து வச்சுடணும். இதையெல்லாம் கேக்கும்போது நீங்க அவருக்கு எதிரி இல்லைன்னு அவருக்கே புரியும்.

அப்பவும் மாட்டேன்னா? ஒரு பேப்பர்ல மரியாதையா எழுதி, தேதி போட்டு கையில குடுங்க, ஒரு காப்பி வச்சுக்குங்க. கொஞ்ச நாள் பாத்துட்டு தெருவுல பெரியவங்க ரெண்டு பேரை வச்சுப் பேசுங்க. அதுக்கும் அசையலன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல ஒரு மனு. 1987ம் வருஷ சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, கேஸ் போடறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுவாங்க. போலீஸ் ஸ்டேஷன் மனு கடைசி. குடுத்தா சிஎஸ்ஆர், அதாவது மனுவை வாங்கிக்கிட்டதுக்கான ரசீது, வாங்காம வராதீங்க. ஆனா உங்க விஷயம் அது வரைக்கும் போகாதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

இனி அந்தப் பசங்க போட்டோ. உங்க லெட்டர்ல என்னைத் தூங்க விடாதது இந்த விஷயம்தான், நீங்க அதை ஒரு வரியில கடந்து போயிட்டீங்க, நான் கடக்க மாட்டேன். 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் நடந்ததை ஞாபகப்படுத்திப் பாருங்க. குலதெய்வம் கோயிலுக்குக் கார்ல வந்த ஒரு குடும்பம், வழி கேக்க வண்டியை நிறுத்தின இடத்துல வயசான ஒரு அம்மா அங்க இருந்த குழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்க. அவ்வளவுதான் அவங்க செஞ்சது. பிள்ளை பிடிக்கிற கும்பல் சுத்துதுன்னு வாட்ஸ்அப்ல ஓடிக்கிட்டிருந்த மெசேஜை நம்பின ஊர் ஜனம் அவங்களை அடிச்சே கொன்னுடுச்சு, கூட வந்த சொந்தக்காரங்களுக்கும் பலத்த காயம். அடிச்சவங்க யாரும் ரவுடிங்க இல்லம்மா, உங்க தெரு மாதிரியே பிள்ளைங்களை நினைச்சு பயந்துபோன சாதாரண மனுஷங்க. அந்த பயத்துக்கு முதல் தீனி போட்டது யாரோ ஒருத்தர் "உஷார்"னு அனுப்பின ஒரு மெசேஜ்.

போட்டோ போட்டது தப்பான ஆள்னு தெரிஞ்ச பிறகு குரூப்ல யாராவது மன்னிப்பு கேட்டாங்களா, அந்தப் படத்தை டெலிட் பண்ணாங்களா? பண்ணலன்னா இன்னைக்கே பண்ணச் சொல்லுங்க. ஏன்னா நம்ம குரூப்ல அழிச்சாலும் அது ஏற்கனவே எந்தெந்த குரூப்புக்குப் போச்சோ தெரியாது, அதனால "இவங்க நம்ம தெருவுல குடியிருக்கிறவங்க, அந்த மெசேஜ் தப்பு"ன்னு இன்னொரு மெசேஜ் போட்டு அதையும் அனுப்பச் சொல்லணும். ஒருத்தர் போட்டோவைப் போட்டு திருடன்ங்கற மாதிரி எழுதினா அது அவதூறு, அதே பாரதிய நியாய சன்ஹிதாவுல 356வது பிரிவு, ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை, ஃபார்வர்டு பண்ணவங்களும் சிக்கலாம். சந்தேகமா யாராவது நடமாடினா 100 இல்லைன்னா 112க்கு அடிங்க, இல்ல மொபைல்ல காவல் உதவி ஆப் போட்டு வச்சுக்குங்க. போட்டோ எடுத்திருந்தா அது போலீசுக்கு மட்டும். குரூப்ல "கடைசி வீட்டுப் பக்கம் ஒருத்தர் ரொம்ப நேரமா நிக்கிறார், யாருக்காவது தெரிஞ்சவரா"ன்னு கேட்டாப் போதும், பத்துல ஒன்பது தடவ "எங்க வீட்டு கொத்தனார்தாங்க"ன்னு பதில் வந்துடும்.

அந்தப் பசங்க என்ன வேலை செய்யறாங்கன்னு நீங்க எழுதல. ஹோட்டல்லயோ கட்டட வேலையிலயோ இருந்தா ராத்திரி பன்னெண்டு மணிக்கு வருவாங்க, இல்லைன்னா விடியக் காலைல கிளம்புவாங்க. உங்க தெருவுல எல்லாரும் தூங்குற நேரத்துல முழிச்சிருக்கிறவங்க அவங்கதான், அந்த நேரத்துல ஒரு பூட்டை எவனாவது அறுத்தா முதல்ல பாக்கப் போறதும் அவங்கதான். பாத்தா யார் கதவைத் தட்டுவாங்க? போட்டோ எடுத்து திருடன்னு போட்டவர் கதவைத் தட்டுவாங்களா? அந்த வீட்டு ஓனரைக் கூப்பிட்டுச் சொல்லுங்க, வாடகை ஒப்பந்தத்தை முறைப்படி பதிவு பண்ணட்டும் (2017ம் வருஷ வாடகைச் சட்டம் அதைத்தான் சொல்லுது), ஆதார் காப்பியும் விவரமும் ஸ்டேஷன்ல குடுக்கட்டும், அப்புறம் அவரே அந்தப் பசங்களை கூட்டிக்கிட்டு வந்து நாலு வீட்ல முகம் காட்டிட்டுப் போகட்டும். அவங்களோட தமிழ் தடுமாறும்தான், பரவாயில்ல, பேரும் வேலை செய்யற இடமும் போன் நம்பரும் தெரிஞ்சா போதும். அவங்களையும் குரூப்ல சேருங்க.

கேட் விஷயத்தை சுருக்கமா சொல்லிடறேன். அது மாநகராட்சி ரோடு, தெருக்காரங்க காசு போட்டாங்கங்கறதுக்காக தெருக்காரங்களுக்கு சொந்தமாயிடாது. மாநகராட்சி அனுமதி இல்லாம பொது ரோட்டை பூட்டக் கூடாது. சரி, சட்டத்தை விடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க மாமியாருக்கு நெஞ்சு வலின்னு 108 வருதுன்னு வைங்க, சாவி யார் கையில இருக்கு? 2021 நவம்பர்ல நம்ம கருங்கல்பட்டியில சிலிண்டர் வெடிச்சு அந்த வீடு மட்டுமில்லாம ஒட்டியிருந்த வீடுகளும் சேர்ந்து இடிஞ்சு உயிர் போனது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நேரத்துல தீயணைப்பு வண்டி தெரு முனைல நின்னு ஹாரன் அடிச்சுக்கிட்டு நிக்கலாமா? திருடனுக்கு கேட் ஒரு தடையே கிடையாது, பின்பக்க காலி மனை வழியா வந்துடுவான். காசு போட்டே ஆகணும்னு தெருக்காரங்க நினைச்சா, லைசென்ஸ் வாங்கின ஏஜென்சி மூலமா ராத்திரி ஒரு வாட்ச்மேன் போடுங்க, அது உபயோகமா இருக்கும்.

சிலிண்டர் பேச்சு வந்ததால இதையும் குரூப்ல போடுங்க. கேஸ் காத்தை விட கனம், தரையோட தங்கும், ஃபேன் போட்டா வெளிய போயிடும்னு நினைச்சு ஸ்விட்ச்ல கை வைக்கக் கூடாது, லைட்டையும் போடவோ அணைக்கவோ கூடாது, ரெகுலேட்டரை மூடிட்டு கதவு ஜன்னலைத் திறந்துட்டு வெளிய வந்து 1906க்கு அடிக்கணும். பக்கத்து வீட்லர்ந்து நாத்தம் வந்தா காலிங் பெல் அடிக்காதீங்க, அதுவும் ஸ்விட்ச்தான், கையால கதவைத் தட்டுங்க.

சரி, திருட்டுக்கு என்னதான் பண்றதுன்னு கேப்பீங்க. அடுத்த தெருவுல நடந்ததையே எடுத்துக்குங்க, கல்யாணத்துக்குப் போன வீடு. அந்த வீடு காலியா இருக்குன்னு திருடனுக்கு யார் சொன்னாங்க? வீடே சொல்லியிருக்கும். வெளிப்பக்கம் தொங்குற பெரிய பூட்டு, பகல்லயும் எரியற போர்ட்டிகோ லைட்டு, கேட்டுக்குள்ள கிடக்கிற ரெண்டு நாள் பேப்பர், கேட்ல மாட்டின பையிலயே கிடக்கிற பால் பாக்கெட், எல்லா வாசல்லயும் கோலம் இருக்க அந்த ஒரு வாசல் மட்டும் காஞ்சு கிடக்கிறது. காலைல தெருவுல ஒரு ரவுண்டு வண்டியில போனாலே தெரிஞ்சுடும், பூட்டை ஆட்டிக்கூட பாக்க வேண்டியதில்ல.

இதுல எந்த ஒண்ணையும் கேமரா சரி பண்ணாதும்மா, பக்கத்து வீடுதான் சரி பண்ண முடியும். நீங்க ஊருக்குப் போறப்ப பக்கத்து வீட்டு அக்கா உங்க வாசல்லயும் தண்ணி தெளிச்சு நாலு புள்ளி வச்சு ஒரு சின்ன கோலம் போட்டுடட்டும், பேப்பரை எடுத்து வச்சுக்கட்டும், சாயங்காலம் லைட்டைப் போட்டு காலைல அணைக்கட்டும், அவங்க ஊருக்குப் போறப்ப நீங்க அதையே செய்யுங்க. பால்காரர்கிட்டயும் பேப்பர் பையன்கிட்டயும் நிறுத்தச் சொல்றதை விட பக்கத்து வீட்ல போடச் சொல்றது நல்லது, ஏன்னா எந்த வீட்ல எத்தனை நாள் ஆள் இல்லைங்கற விவரம் நாலு பேர் வாயில போக வேண்டாம். கிளம்பறதுக்கு முன்னாடி அழகாபுரம் ஸ்டேஷன்ல போய் எந்தத் தேதிலர்ந்து எந்தத் தேதி வரைக்கும் வீடு பூட்டியிருக்கும்னு அட்ரஸ், போன் நம்பரோட எழுதிக் குடுத்துட்டுப் போங்க, ரோந்து வர்றவங்க அந்த வீட்டையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போவாங்க. நகையை பேங்க் லாக்கர்ல வச்சுடுங்க. ஏற்காட்டுக்குப் போனா போட் ஹவுஸ் போட்டோவை அங்கர்ந்தே ஸ்டேட்டஸ் போட வேண்டாம், திரும்பி வந்து போடுங்க, பிள்ளைங்ககிட்டயும் சொல்லி வைங்க. ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்துல ஊரே கோயில்லதான் இருக்கும், அப்ப தெருவுக்கு ரெண்டு மூணு வீட்லயாவது ஆள் இருக்கிற மாதிரி முறை போட்டுக்குங்க, ஒரே நேரத்துல எல்லாரும் கிளம்ப வேண்டாம்.

செயின் பறிப்பும் அப்படித்தான், விடியக் காலைல வாசல்ல குனிஞ்சு கோலம் போட்டுக்கிட்டிருக்கிறப்பதான் பைக்ல வந்து அட்ரஸ் கேப்பானுங்க. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரங்க ஒரே நேரத்துல வெளிய வந்தா அவனுக்கு அந்த தைரியம் வராது. தெரு லைட் எரியலன்னா போஸ்ட்ல நம்பர் எழுதியிருந்தா அதோட சேர்த்து மாநகராட்சில புகார் குடுங்க, சில இடத்துல லைட் நல்லாத்தான் எரியும், வேப்ப மரக் கிளை மறைச்சிருக்கும், கிளையைக் கழிச்சாலே தெரு வெளிச்சமாயிடும். பின்பக்க காலி மனையில முள்ளும் புதரும் மண்டியிருந்தா அதையும் மனுவுல சேருங்க, இடத்துக்காரருக்கு நோட்டீஸ் போகும். மாநகராட்சில சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டின்னு நாலு மண்டலம் இருக்கு, உங்க வீட்டு வரி ரசீதுல எந்த மண்டலம்னு போட்டிருக்கும், அந்த ஆபீஸ்லயே குடுக்கலாம். அங்க வேலை நகரலன்னா முதல்வர் ஹெல்ப்லைன் 1100க்கு போன் பண்ணுங்க. தெருவே சேர்ந்து கேட்டா மதிப்பு அதிகம், ஏழு பேர் இருந்தாலே குடியிருப்போர் நலச் சங்கமா பதிவு பண்ணிக்கலாம், 1975ம் வருஷ சங்கங்கள் பதிவுச் சட்டத்துல அதுக்கு வழி இருக்கு. பதிவு பண்ணா கணக்கு வழக்கு, கூட்டம், ஓட்டு எல்லாம் வந்துடும். அட்மின் ஒருத்தர் நினைச்சதே தெரு முடிவுன்னு ஆகறது அப்ப தானா நின்னுடும்.

உங்க வீட்டுக்காரர் சொன்ன "ஊரோட ஒத்துப் போ"வுக்கு வர்றேன். அவர் சொன்னதுல பாதி சரி. எங்க மீடியேஷன் டேபிளுக்கு வர்ற அக்கம்பக்கத்து சண்டையில பெரும்பாலும் ஆரம்பம் ரொம்ப சின்னதா இருக்கும், கேட்டுக்கு முன்னாடி நிறுத்தின வண்டி, வாசலுக்கு ஓடி வர்ற துணி துவைச்ச தண்ணி, எரிச்ச குப்பைப் புகை. ஒரு தடவ வந்த ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல வழக்கு ஒரு மரக்கிளைக்காக. பேசிக்கிட்டிருக்கிறப்ப அதுல ஒரு வீட்டு மருமக ஒரு விஷயத்தை அழுதுக்கிட்டே சொன்னாங்க. பக்கத்து வீட்டுப் பெரியவர் பாத்ரூம்ல வழுக்கி விழுந்த சத்தம் அவங்களுக்குக் கேட்டிருக்கு, முனகினதும் கேட்டிருக்கு, கதவு வரைக்கும் போயிட்டு, பேசாத வீடாச்சே, போனா என்ன சொல்லுவாங்களோன்னு நின்னுட்டாங்க. அவர் பையன் சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்துதான் தூக்கியிருக்காங்க. அவர் பொழைச்சுக்கிட்டாரு, ஆனா அந்த நாலஞ்சு மணி நேரம் அந்தம்மாவை இன்னும் விடல. கிளையை அன்னைக்கே ரெண்டு குடும்பமும் சேர்ந்து ஆள் வச்சு வெட்டிக்கிட்டாங்க.

அதனால சொல்றேன், கூப்பிட்டா கதவைத் திறக்கிற மாதிரி ரெண்டு வீட்டுக்கும் பேச்சு இருக்கணும், அதைக் கெடுக்கிற எதையும் பாதுகாப்புன்னு நான் ஒத்துக்க மாட்டேன், அது நாலு கேமராவா இருந்தாலும் சரி, இரும்பு கேட்டா இருந்தாலும் சரி. ஊரோட ஒத்துப் போறதுன்னா வாயை மூடிக்கிட்டு அஞ்சாயிரத்தை எடுத்துக் குடுக்கறது கிடையாது. வேண்டியதைக் கேக்கணும், கேட்டுட்டு அடுத்த நாள் காலைல அதே அண்ணனைப் பாத்து சாப்டீங்களான்னும் கேக்கணும். ரெண்டும் ஒரே ஆளால முடியும், பொம்பளைங்களுக்கு இது நல்லாவே வரும்.

உங்க பக்கத்தையும் ஒரு தடவ பாத்துக்குங்க. நமக்கு மேட்டூர் தண்ணி விட்டு விட்டு வர்றதால எல்லார் வீட்லயும் தொட்டியும் டிரம்மும் நிரப்பி வச்சிருப்போம். டெங்கு கொசு சாக்கடையில முட்டை போடறது இல்ல, இந்த நல்ல தண்ணியிலதான் போடும், ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவாயிடும், ரொம்ப தூரமும் பறக்காது, உங்க டிரம்ல பொறந்தது கடிக்கப் போறது உங்களையும் பக்கத்து வீட்டுப் பேரனையும்தான். மூடி போட்டு வைங்க, வாரம் ஒரு தடவ தேய்ச்சுக் கழுவுங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல காலைல ஆறு மணி வரைக்கும் ஸ்பீக்கர் கூடாதுன்னு 2000ம் வருஷ விதியே இருக்கு, அது நம்ம வீட்டு விசேஷத்துக்கும் பொருந்தும்.

மாமியார் விஷயத்தை தள்ளிப் போடாதீங்க, இதை இன்னைக்கே பண்ணுங்க. கிரில் கேட் பகல்லயும் உள்பக்கம் பூட்டியிருக்கட்டும், யார் வந்தாலும் கிரில்லுக்கு உள்ள நின்னே பேசட்டும். கேஸ் செக் பண்ண வந்திருக்கோம், மீட்டர் பாக்கணும், தண்ணி குடுங்கன்னு யார் வந்தாலும் "பையன் வரட்டும்"னு சொன்னாப் போதும், வேற பதிலே வேண்டாம். நகை பாலிஷ் போட்டுத் தர்றோம்னு வர்றவங்ககிட்ட கொலுசு கூட கழட்டிக் குடுக்கக் கூடாது, அவங்க கொண்டு வர்றதுல நைட்ரிக் ஆசிடும் ஹைட்ரோகுளோரிக் ஆசிடும் கலந்திருக்கும், அது தங்கத்தையே கரைச்சுடும், செயின் பளபளன்னு திரும்பி வரும், எடை போட்டாத்தான் தெரியும் எவ்வளவு போச்சுன்னு. போலீஸ், சிபிஐன்னு வீடியோ கால்ல மிரட்டினா போனை வச்சுடச் சொல்லுங்க, பணம் போயிட்டா உடனே 1930. முதியோருக்குன்னு 14567 இருக்கு. இந்த நம்பர் எல்லாத்தையும் உங்க நம்பரோட சேர்த்து பெரிய எழுத்துல எழுதி போன் வைக்கிற இடத்துக்கு மேல ஒட்டிடுங்க.

அந்த லிஸ்ட்ல முதல் நம்பரா பக்கத்து வீட்டு அக்கா நம்பரை எழுதுங்க, நீங்க ஆபீஸ்லர்ந்து வந்து சேர எப்படியும் அரை மணி நேரம் ஆகும், அவங்க அரை நிமிஷத்துல வந்துடுவாங்க. கேமரா பேசப் போறப்ப இதையும் கேட்டுட்டு வந்துடுங்க, "அக்கா, அத்தை பகல்ல தனியா இருக்காங்க, ஏதாவதுன்னா உங்களைக் கூப்பிடச் சொல்லட்டுமா"ன்னு. முடிஞ்சா இதை முதல்ல கேளுங்க, கேமராவை அப்புறம் பேசுங்க.